மிதி, இரு, விடு

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். பொரியும் கடலையும் ஒரு ஆரஞ்சும் கையில் கொடுத்து, புதிதாக வந்த மெஷின்களைச் சுற்றிக் காட்டுவார்கள். போன தடவை பிரேக் லைனில் ஒரு மெஷினைக் காட்டினார்கள். வண்டியின் பிரேக் குழாயில் இருக்கிற காற்றையெல்லாம் அதுவே உறிஞ்சி எடுத்துவிட்டு, அதுவே ஆயிலை நிரப்பிவிடுகிறது. மேலே உட்கார்ந்து மிதிக்க ஆள் வேண்டாம், கீழே படுத்துக் கத்தவும் ஆள் வேண்டாம். எனக்குப் பரம சந்தோஷம். என் முதுகெலும்பு இருபது வருஷம் முன்னாலேயே இதைக் கேட்டது.

அந்த மெஷினுக்குத் தப்பிவிடுகிற வண்டிகளுக்கு மட்டும் ஓரமாக ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். அங்கே பழைய முறைதான். ஒரு தம்பி கீழே படுத்துக்கொண்டு "மிதி... இரு... விடு" என்று குரல் கொடுக்க, இன்னொருவர் மேலே பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். அப்போது திருநெல்வேலியிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் சூப்பர்வைசரிடம் கேட்டான்.

"சார், எங்க ஊர்ல பெடலை அப்படியே வச்சிருக்கணும்னா 'பிடி'ன்னுதான் சொல்லுவோம். நீங்க மட்டும் ஏன் 'இரு'ன்னு சொல்லுதீய?"

"ஓசூர்ல அப்பிடித்தாம்ப்பா. எனக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க. வேலையப் பாரு."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொரிப் பொட்டலத்தை பெஞ்சில் வைத்துவிட்டு, "அந்த 'இரு'வை இந்தக் கம்பெனிக்குள்ள கொண்டாந்தவனே நான்தாண்டா!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வயசான மனுஷன் ஏதோ சொல்கிறார் என்ற சிரிப்பு. உட்காருங்கடா என்று சொல்லிக் கதையை ஆரம்பிப்பதற்குள் மதிய மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கல்லாவி. எங்கள் காட்டில் விளைந்ததை விட எனக்கு எஞ்சின் சத்தம் பிடித்திருந்தது. சேலத்தில் லாரிப் பட்டறையில் கிரீஸில் புரண்டு தொழில் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் கடைசியில் ஓசூர் வந்து சேர்ந்தேன். இப்போது இருக்கிற ஓசூரை நினைத்துக்கொண்டு அன்றைய ஓசூரைப் பார்க்கக் கூடாது. சிப்காட் கிடையாது, கம்பெனி பஸ் கிடையாது, பின்னாளில் நான் சேர்ந்த இந்தக் கம்பெனியே கிடையாது. பெங்களூர் ரோட்டில் நாலைந்து பட்டறைகள், குளிர், நாலு பேர் கூடினால் மூன்று பாஷை, அவ்வளவுதான். டீக்கடையில் தெலுங்கில் டீ கேட்டு, கன்னடத்தில் வம்பளந்து, தமிழில் சண்டை போட்டுவிட்டு எழுந்து போவார்கள். ஊரெல்லாம் மேடை போட்டு மொழியைப் பற்றிப் பேசிய காலம் அது. எங்கள் பட்டறைக்கு அந்தச் சண்டை வரவே இல்லை, வந்தது வேறொரு சண்டை.

அந்தப் பட்டறையின் தலைவர் சூசை மேஸ்திரி. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். அதனால் அவர் பேச்சில் அச்சடித்த தமிழ் அடிக்கடி எட்டிப் பார்க்கும். நான் கல்லாவித் தமிழில் "புடி" என்றால் அவருக்கு முகம் சுளிக்கும். "புடின்னு ஒரு வார்த்தையே கிடையாது பெருமாளு. பிடி. உதடு ஒட்டி, நாக்கு மடங்கி, பி-டி. பின் வரிசையில நிக்கிறவனுக்கும் கேக்கணும்" என்பார். ஆள் ஒல்லி, ஆனால் குரல் நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து வரும்.

அவருடைய இன்னொரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டிக்கு அடியில் மரியாதை கிடையாது. மேலே உட்கார்ந்து மிதிக்கிறவர் பண்ணையாராக இருந்தாலும் தாசில்தாராக இருந்தாலும் கீழே படுத்திருப்பவன் சொல்லவேண்டியது மூன்றே சொற்கள்: மிதி, பிடி, விடு. "ங்க" சேர்க்கக் கூடாது. "மிதிங்க, பிடிங்கன்னு இழுத்தா அந்த 'ங்க' வர்றதுக்குள்ள காத்து உள்ள பூந்துரும்" என்பார். ஏன் மிதிக்க வேண்டும், எதற்குப் பிடிக்க வேண்டும் என்று மேலே இருப்பவருக்கு விளக்கம் சொல்வதும் அவருக்கு ஆகாது. சொன்னதைச் செய்தால் போதும். பெரிய மனுஷர்களை ஒற்றைச் சொல்லில் அதட்டுகிற சுகம் அந்த வேலையில்தான் எனக்குக் கிடைத்தது. மறைப்பானேன், அதற்காகவே நான் பிரேக் வேலைக்கு முந்திக்கொண்டு ஓடுவேன்.

பிரேக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பெடலை மிதித்தால் முன்னாலுள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியே ஓடி நாலு சக்கரத்திலும் கட்டைகளை விரித்து டிரம்மைப் பிடிக்கவைக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதித்த பலமெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். அதனால் ஒவ்வொரு சக்கரத்தின் பின்னாலும் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து காற்றை வெளியே விடவேண்டும். இதைத்தான் ஏர் எடுப்பது என்போம்.

மேஸ்திரி எந்த வண்டிக்கும் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். வெறுங்காலைப் பெடலில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு மிதியில் உள்ளே போய், திரும்பத் திரும்ப மிதித்தால் கெட்டியானால் காற்று. கெட்டியாக நின்று, காலை அழுத்தியபடி வைத்திருக்க மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் செத்துவிட்டது. கெட்டியாகவே இருந்து, ஆனால் ரொம்பத் தாழ்ந்து பிடித்தால் கட்டை தேய்ந்திருக்கிறது. வைத்தியர் நாடி பார்க்கிற அழகு அது. கண்ணைத் திறந்து சொன்னால் சொன்னதுதான்.

அந்த மனிதரையே ஒரு நாள் முழுக்க திக்குமுக்காட வைத்த கார் சரோஜம்மாவுடையது.

சரோஜம்மா தளி ரோட்டில், தோட்டத்து வீட்டில் இருந்தவர். வீட்டுப் பேச்சு கன்னடம். தமிழ் புரியும், பேசினால் பாதிக்குப் பாதி கலந்து வரும். கணவர் இறந்த பிறகு அவருடைய பழைய கறுப்புச் சீமைக் காரைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கார் ஓட்டிக்கொண்டு போனால் ஏர் ஓட்டுகிறவன் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். கிருஷ்ணகிரிக்குக் கீழே பாரூர்ப் பக்கம் அவருக்கு அம்மா வீட்டுச் சீதனமாக ஒரு மாந்தோப்பு. வாரத்துக்கு ஒரு முறையாவது மேலுமலை இறக்கத்தில் இறங்கித் தோப்புக்குப் போய்வருவார்.

அந்த இறக்கத்தில்தான் ஒரு நாள் பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, ரோட்டோர மண்மேட்டில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. கணவரின் தம்பி முனிராஜு, கிருஷ்ணகிரி மண்டிகளில் பழகிய ஆள், தமிழ் நன்றாகப் பேசுவார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். கார் இனி வேண்டாம், தோப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், வருஷத்துக்கு ஒரு முறை கணக்குச் சொன்னால் போதாதா என்று சொல்லிவிட்டார். எங்களைக் கூப்பிட்டதற்கு மறுநாள் தோப்பில் காய் இறக்குகிற நாள். அதற்குள் பிரேக் சரியானால் அம்மா காரில் போகலாம். ஆகாவிட்டால் கார் பெங்களூருக்கு, தோப்பு ராஜுவின் பார்வைக்கு. இதுதான் பேச்சு. காரை இழுத்துப் போக ஒரு லாரியையும் சங்கிலியையும் அன்றைக்கே கொண்டுவந்து புளியமரத்தடியில் நிறுத்திவிட்டார்.

இறக்கத்திலிருந்து இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டிருந்த, பிரேக் இல்லாத காரைப் பட்டறைக்கு ஓட்டிவர முடியாது. நாங்கள்தான் பையைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம்.

"பன்னி மேஸ்திரி, பன்னி" என்று வாசலில் வரவேற்றார் சரோஜம்மா. வாங்க வாங்க என்று அர்த்தம். ஓசூருக்கு வந்த புதிதில் இந்த இடத்தில் முறைக்காத தமிழன் கிடையாது. நான் முறைத்து, சிரித்து, பழகி முடித்தவன். எல்லைத் தமிழ் எனக்கு அத்துப்படி என்ற திமிர் வேறு. அந்தத் திமிருக்கு அன்று சாயங்காலம் வரைக்கும்தான் ஆயுசு.

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார், மிதித்தார், கண்ணைத் திறந்தார். "காத்து. பின்னாடி இடது சக்கரத்துல வாஷர் போயிருக்கு." டிரம்மைக் கழற்றினால் அப்படியே ஈரம். புது வாஷர் போட்டுப் பூட்டினோம். இனி ஏர் எடுக்க வேண்டியதுதான். மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் உள்ள சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்தில் வரவேண்டும். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. காரை ஜாக்கியில் ஏற்றி, கட்டை கொடுத்து, நான் கீழே நுழைந்தேன். நிப்பிளில் சைக்கிள் வால்வு டியூப் போன்ற ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி, மறுமுனையை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கினேன். மேஸ்திரி முன்னால் பானெட்டைத் தூக்கிவிட்டு மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கிய பானெட் அவருக்கு உள்ளே இருப்பதை மறைத்தது. எனக்கோ சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது.

மிதிப்பதற்கு ராஜு வந்தார். சரோஜம்மா விடவில்லை. "நன்ன காரு. நானே மிதிக்கறேன்" என்று சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, அவன் என்ன சொல்றானோ அதைச் செய்ங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றார் மேஸ்திரி. விளக்கம் முடிந்தது.

"மிதி!" என்றபடி நிப்பிளைத் திறந்தேன். பெடல் கீழே போக, பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி. பெடல் தரையைத் தொட்ட இடத்திலேயே இருக்கவேண்டும். நான் நிப்பிளை முடுக்கிய பிறகுதான் கால் மேலே வரவேண்டும். அதற்கு முன்னால் வந்தால், தளர்ந்த நிப்பிளின் மரை வழியாகக் காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும். "புடி!" என்றேன், வாய் தவறி.

"ஏனு?" என்று மேலேயிருந்து கேட்டார் அம்மா.

"பெருமாளு!" என்று பானெட்டுக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி. "புடி இல்லடா. பிடி."

நிப்பிளை முடுக்கிவிட்டு "விடு!" என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கோயிலில் வாசகம் படிக்கிற மாதிரி சுத்தமாகச் சொன்னேன். மிதி. பிடி. விடு. மிதி. பிடி. விடு. குமிழி வந்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது.

சாதாரணமாக ஒரு சக்கரத்துக்குக் கொஞ்ச நேரத்தில் குமிழி நின்று சுத்த ஆயில் வரும். இங்கே மேஸ்திரி ஊற்றிய ஆயிலெல்லாம் பாட்டிலுக்கு வந்ததே தவிர காற்று தீரவில்லை. பானெட்டை விட்டு வந்து, கதவோரம் குனிந்து கையாலேயே பெடலை அமுக்கிப் பார்த்தார். பஞ்சு மூட்டை. "எங்கிருந்தோ காத்து இழுக்குது" என்றார். அங்கே ஆரம்பித்தது எங்கள் வேட்டை. குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் துடைத்து, காகிதம் ஒட்டிப் பார்த்து, கசிவு தேடினோம். காய்ந்த காகிதம் காய்ந்தபடியே இருந்தது. ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்புப் பார்த்தோம். புதிதாகப் போட்ட வாஷரையே கழற்றி மறுபடி போட்டோம். கடைசியில் மாஸ்டர் சிலிண்டரையே இறக்கி, உள்ளே இருந்த ரப்பரையெல்லாம் மாற்றினோம். நல்ல ரப்பர், தூக்கி எறிய மனசு வரவில்லை. மறுபடி ஏர் எடுத்தால் மறுபடி குமிழி.

வெயில் உச்சிக்கு ஏறி இறங்க ஆரம்பித்தது. லாரி டிரைவர் சாப்பிட்டுவிட்டு வந்து சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்தச் சங்கிலிச் சத்தம் எனக்குக் காதில் ஊசி குத்துவது போல இருந்தது. சரோஜம்மா சாப்பிடவும் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தார்.

"ஒரு தடவ நான் மிதிச்சுப் பாக்கறன்" என்றார் ராஜு. மேஸ்திரிக்கும் யோசனை தீர்ந்துபோயிருந்தது. சரி என்றார். அம்மா மனசில்லாமல் இறங்கி நின்றார்.

மிதி, பிடி, விடு. இடது பின் சக்கரம். குமிழி குறைந்தது. இன்னும் கொஞ்சம் மிதிக்க, நின்றே போய்விட்டது. பாட்டிலில் தெளிந்த ஆயில்! நான் காருக்கு அடியில் படுத்தபடியே "மேஸ்திரி, நின்னுடுச்சு!" என்று கத்தினேன். தலை சேஸிஸில் மோதியது கூட உறைக்கவில்லை.

என் சந்தோஷம் ராஜு வாயைத் திறக்கும்வரைதான். "பாத்தீங்களா? கோளாறு கார்ல இல்ல. கால்ல. ஆம்பள கால் வச்சா காத்து போவுது. இந்தக் கால வச்சிக்கிட்டு மேலுமலைல எப்பிடி நிறுத்துவாங்க? மேஸ்திரியே சொல்லட்டும்."

மேஸ்திரி பானெட்டுக்குள் குனிந்து ஆயில் அளவைப் பார்த்தார். எனக்கு ராஜு மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அம்மா விறுவிறுவென்று திரும்ப ஏறினார். "இன்னொரு சக்கரம் பாக்கலாம்" என்றார். நான் வலது பக்கம் போய்ப் படுத்தேன். மிதி. பிடி. விடு. மறுபடி அதே குமிழி, குபுகுபுவென்று.

அம்மா மிதித்த மிதியில் கார் ஆடியது எனக்குத் தெரியும். ராஜுவை விட பலமான மிதி. பிறகு ஏன்?

ராஜு கார்க் கதவருகே வந்தார். குரலில் கேலி போய்விட்டிருந்தது, அண்ணியிடம் நல்ல மாதிரியாகவே சொன்னார். "சாக்கு பிடி, அத்திகே."

சரோஜம்மா வெடித்துவிட்டார்.

"நீனூ பிடி! இவரூ பிடி! காலைலேந்து எல்லாரும் பிடி, பிடி, பிடி! காரு பிடி, தோப்பு பிடி! நான் எதுக்கு பிடணும்?" பிறகு கோபம் அப்படியே எங்கள் பக்கம் திரும்பியது. "மேஸ்திரி, நிம்ம ஆளுக்கு மரியாதெ சொல்லிக் குடுங்க. மொதல்ல 'பிடி' அந்தா மரியாதெயா சொல்றான். நான் காலு எடுத்த மேலெ 'பிடு' அந்தானெ. நடுவுல நன்ன மரியாதெ எங்கெ ஹோய்து?"

நான் காருக்கு அடியில் படுத்தபடியே பிடி, பிடு என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு சிரிக்க ஆரம்பித்தேன். வாயில் மண் போனது, ஆயில் போனது, சிரிப்பு நிற்கவில்லை.

வாசகர்களுக்குப் புரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நமது "விடு"தான் கன்னடத்தில் "பிடு". பல்லில் வருகிற ப இல்லை, பஸ்ஸில் வருகிற ப. அதையே மரியாதையாகச் சொன்னால் "பிடி". விடுங்கள் என்று அர்த்தம். "சாக்கு பிடி" என்றால் போதும், விடுங்கள். காருக்கு அடியிலிருந்து, ஒரு இரும்புத் தொட்டிக்குள் கத்துகிற மாதிரி நான் "பிடி" என்று முழங்கினால், எந்த ப என்று யாருக்குத் தெரியும்? நான் பெடலை அப்படியே பிடித்து வை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், அந்த அம்மா மரியாதைக்கு மரியாதையாகக் காலை எடுத்திருக்கிறார். வெளியே வந்த காற்று உள்ளே திரும்பியிருக்கிறது. அதன் பிறகு நான் சொன்ன "விடு" அவர் காதில் "பிடு" என்று விழுந்து, எடுத்த காலை எடு என்று யாரோ அதட்டியதாகக் கோபம் வந்திருக்கிறது. நாள் முழுக்க நான் அதட்டுவதாக நினைத்த இடத்தில் அவருக்கு மரியாதை கேட்டது, சாதாரணமாகச் சொன்ன இடத்தில் அவமானம் கேட்டது.

காலையில் நான் வாய் தவறிச் சொன்ன "புடி" ஒன்றுதான் சரியாக வேலை செய்திருக்கிறது. அது எந்த பாஷையிலும் அவருக்குப் புரியவில்லை. புரியாததால் கால் அசையவில்லை.

வெளியே உருண்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். "மேஸ்திரி, காத்து வாஷர்ல இல்ல, ஹோஸ்ல இல்ல. உங்க தமிழ்ல இருக்குது."

மேஸ்திரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல ரப்பரைக் கழற்றிப் போட்டதெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. ராஜு அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பாஷையும் சரளமாகத் தெரியும் என்பதுதான் அவர் காலின் ரகசியம். வேறு ஒரு விசேஷமும் அந்தக் காலில் இல்லை.

"அப்போ 'ஹிடி' அன்னி" என்றார் சரோஜம்மா. 'ஹிடி' என்று சொல்லுங்களேன் என்கிறார், கன்னடத்தில் பிடி என்பதற்கு அதுதான் சொல். சிரிப்பை அடக்க அவரும் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

"ஹிடி, பிடி, பிடு... வேணாம்மா, என் நாக்கு சுளுக்கிக்கும்" என்றேன். "ரெண்டு பாஷையிலயும் ஒண்ணா இருக்கிற வார்த்தை ஒண்ணு வேணும்."

மேஸ்திரி எதையோ முணுமுணுத்துப் பார்த்தார். நில். வை. அழுத்து. எதுவும் சரிப்படவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் யோசித்து நிற்க, ராஜு ஏதோ சொல்ல வந்தார். அம்மா கையை நீட்டி அவரைத் தடுத்தார். "இரு" என்றார்.

ராஜு வாயை மூடிக்கொண்டார். மேஸ்திரி நிமிர்ந்தார். இரு! தமிழிலும் இரு, கன்னடத்திலும் இரு. இருக்கிற இடத்திலேயே இரு. "அதான்! அதான் வார்த்தை!" என்று நான் ஸ்பானரால் ஜாக்கியில் தட்டினேன். லாரி டிரைவர் என்ன ஆச்சோ என்று எழுந்து நின்றுவிட்டார்.

மிதி. இரு. விடு. வலது பின் சக்கரத்தில் குமிழி நின்றது. முன் இடது, நின்றது. முன் வலது, நின்றது. மேஸ்திரி செருப்பைக் கழற்றி ஏறிக் கண்ணை மூடினார். ஒரே மிதி. பெடல் பாதியில் கல்லுப் போல நின்றது. காலை எடுக்காமல் வைத்திருந்தார், இறங்கவில்லை. அன்றைக்குப் பூராவும் இல்லாத நிறம் அவர் முகத்துக்குத் திரும்பி வந்தது.

ராஜு அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "வாசல்ல நிக்கிறது பெருசில்ல. மேலுமலைல நிக்கட்டும். நானும் வர்றன்" என்றார். அம்மா சாவியைத் திருப்பினார். முன்னால் மேஸ்திரி, பின்னால் நானும் ராஜுவும். சூளகிரி தாண்டுகிறவரை ராஜு கால் இரண்டையும் முன் சீட்டில் உதைத்துக்கொண்டு, இல்லாத பிரேக்கை மிதித்தபடியே வந்தார். அம்மா நன்றாக ஓட்டினார். எனக்கு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூவவேண்டும் போல இருந்தது.

மேலுமலை இறக்கம் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் கிருஷ்ணகிரி மலைகள் வரிசையாகத் தெரிந்தன. முதல் வளைவில் அம்மா பதமாக மிதித்தார், கார் பதமாகக் குறைந்தது. நான் ராஜுவை முழங்கையால் இடித்தேன். இரண்டாவது வளைவு திரும்பியதும் நடு ரோட்டில் ஒரு வைக்கோல் வண்டி. லாரி ஹாரனுக்கு மிரண்ட மாடு குறுக்கே திரும்பி, வண்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் கார் இறக்கத்தில் நேராக அதை நோக்கிப் போகிறது.

சூசை மேஸ்திரி வாழ்நாள் பழக்கத்தை ஒரு மணி நேரத்தில் மறப்பாரா? நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து, கோயிலின் பின் வரிசைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"பிடி!"

பிடி! எந்தப் பிடி? ராஜு என் தோளை இறுக்கிக்கொண்டார். அந்த ஒரு கணத்தில் அந்த அம்மாவின் கால் எந்த பாஷையில் இருக்கிறது என்பதில்தான் எங்கள் நாலு பேர் உயிரும் இருந்தது.

டயர் கிறீச்சிட்டது. கார் ஒரு பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. வைக்கோல் பானெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. எஞ்சின் அணைந்துவிட்டது. மாடு எங்களைத் திரும்பிப் பார்த்தது.

சரோஜம்மா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி, காலைப் பெடலிலிருந்து எடுக்காமல், மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"பயபடபேடி மேஸ்திரி. ஈ சல தமிளல்லே கேள்கொண்டே."

பயப்படாதீங்க, இந்தத் தடவை தமிழில்தான் கேட்டேன் என்கிறார்! நான் பின் சீட்டில் குதித்தேன். மேஸ்திரி நெற்றியிலிருந்து தோள்வரை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் தோளை இறுக்கியிருந்த ராஜுவின் கை மெல்லத் தளர்ந்தது.

"நல்லா நிக்குதும்மா. சரி, விடுங்க, போலாம்" என்றார் மேஸ்திரி. பெடலை விடச் சொல்கிறபோது அவர் "ங்க" சேர்த்துச் சொன்னதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

சரோஜம்மா கண்ணாடியில் ராஜுவைப் பார்த்தார்.

"பிரேக்கை விடறேன்" என்றார். "காரை விடல்லா."

ராஜு கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்காரரிடம் போய், மூக்கணாங்கயிற்றை வாங்கி மாட்டை ஓரத்துக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டார். கார் போகிற அளவுக்கு வழி கிடைத்ததும், அண்ணியைப் பார்த்து, வாங்க என்று கையைக் காட்டினார்.